எலுமிச்சம்பழத்தின் இழுவிசை

அநியாயம் நடந்தது எனக்கில்லை அக்கா, ஒரு மெஷினுக்கு. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "என்ன கண்ணு, காலேஜ் நடக்கிற நாள்ல பெட்டியும் கையுமாப் போறே, யாரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டீர்களே, என்னையும் என்னென்னவோ சொன்னார்கள். அதை விடுங்கள். எனக்கு வாய் இருக்கிறது, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த மெஷினுக்கு வாய் இல்லை, தாடைதான் இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் கவ்வி இழுத்து, எவ்வளவு விசையில் அறுந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லும். அதைப் போய்ப் பொய் சொல்கிறது என்றார்கள். சொன்னவர்கள் யார் யார் என்று கேளுங்கள், அப்புறம் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பஸ் குலுங்குகிறது, பையை இப்படிக் கொடுங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். பரவாயில்லை, கொடுங்கள்.

என் பெயர் கவின்மலர். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கல்லூரியின் பெயர் வேண்டாம், சொன்னால் உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே படித்துக்கொண்டிருப்பார். நான் சோதிக்கிற பொருள் கதீட்டர். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள் அல்லவா, அதற்காகக் கழுத்துப் பக்கம் பெரிய ரத்தநாளத்துக்குள் ஒரு குழாயைச் செருகி வைப்பார்கள். அந்தக் குழாய்தான். வெளியே நிற்கிற முனையில் பிளாஸ்டிக்கில் ஒரு தலை இருக்கும். நான் அதைக் கொண்டை என்பேன். கொண்டையும் குழாயும் ஒட்டியிருக்கிற இடத்தில்தான் அக்கா உயிர் இருக்கிறது. நோயாளி புரண்டு படுக்கலாம், இருமலாம், போர்வையில் மாட்டி இழுபடலாம். எதற்கும் அது விட்டுக்கொண்டு வரக்கூடாது. வந்தால் ரத்தம் வெளியே போகும், இல்லையென்றால் காற்று உள்ளே போகும். இரண்டில் எது தேவலாம் என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

அதற்கு ஒரு விதி இருக்கிறது. உடம்புச் சூட்டில் இருக்கிற தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, அப்புறம் இழுக்க வேண்டும். இந்தப் பருமனுக்குக் குறைந்தது பதினைந்து நியூட்டன் தாங்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கத்தரிக்காய்ப் பையைத் தொங்கவிடுகிற மாதிரி, அவ்வளவுதான். மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை.

ஜீவதாரை என்று ஒரு கம்பெனி. அதன் முதலாளி தேவசிகாமணி. எங்கள் கல்லூரிச் சேர்மனுக்குச் சம்பந்தி. அவர் உள்ளே வந்தால் எங்கள் துறைத்தலைவர் முனைவர் குழந்தைவேலு நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். அவர் போகும்வரை நுனியிலேயே இருப்பார். அந்தக் கம்பெனி புதிதாகக் கதீட்டர் செய்திருந்தது. ஈரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரியில் சோதித்துக்கொண்டு வாருங்கள், மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தது. அதாவது நாங்கள் சரி என்று சொன்னால், அத்தனையும் யார் யார் கழுத்திலோ ஏறப்போகிறது. சோதிக்கிற பொறுப்பு என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

காய்ந்தபடியே இழுத்துப் பார்த்தேன். ஜம்மென்று நின்றது. விதிப்படி ஊறவைத்து இழுத்தேன். பத்து நியூட்டனைக்கூடத் தொடவில்லை, கொண்டை கழன்று கீழ்த் தாடையில் தனியாக நின்றது, குழாய் மேல் தாடையில் தனியாகத் தொங்கியது. இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் அதே மாதிரி. ஒட்டுகிற பசை தண்ணீர் குடித்து இளகிப்போகிறது. எல்.கே.ஜி. பிள்ளை சொல்லிவிடும்.

தேவசிகாமணி காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங் அம்மணி, காஞ்சதை இழுத்தா நிக்குதில்லீங்?"

"நிக்குதுங்க."

"அப்புறம் எதுக்குங் அதைச் சுடுதண்ணீல ஊறப் போடறீங்? ஊறப் போட்டா எதுதானுங் நிக்கும்? கொண்டக்கடலையே கொழகொழன்னு போயிருதில்ல?"

"மனுசன் ரத்தம் ஈரமா இருக்குங்களே."

அவர் துறைத்தலைவர் பக்கம் திரும்பி, "புள்ள நல்லாப் பேசுதுங் சார்" என்றார். இந்த வார்த்தையை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? வாயை மூடு என்பதற்கு நம் ஊரில் இவ்வளவு மரியாதையான சொல் வேறு கிடையாது.

அவர் போனதும் குழந்தைவேலு சார் மெஷினை ஒருமுறை சுற்றி வந்தார். டாக்டர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி முகம்.

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா."

"போன மாசம்தான் எடைக்கல் போட்டுச் சரி பார்த்தோம் சார். நீங்கதான் கூட நின்னீங்க."

"இருந்தாலும் பொய் சொல்லுது பாரு."

"காய்ஞ்சதுக்கு உண்மையும் நனைஞ்சதுக்குப் பொய்யும் சொல்றதுக்கு அது என்ன சார், தேர்தல்ல நிக்குதா?"

"எதுக்கெடுத்தாலும் வாதாடாதே. திருஷ்டி பட்டிருக்கும். ஆயுத பூஜை வருதில்ல, பார்த்துக்கலாம்."

சிரிக்கிறீர்களே, நானும் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பூஜையும் வந்தது. லேப் முழுக்கக் கழுவி, மாவிலை கட்டி, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, பொரியும் சுண்டலுமாய் ஒரே கோலாகலம். நான் சாமி கும்பிடாதவள் இல்லை அக்கா. பரீட்சைக்குப் போகும்போது பேனாவுக்கு விபூதி வைத்தவள்தான். ஆனால் சார் ஒரு கிண்ணம் சந்தனத்தோடு மெஷினின் தாடைக்குள் விரலை விட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"சார், உடம்புல எங்க வேணும்னாலும் வைங்க. தாடையில வேண்டாம், வழுக்கும்."

"ஏம்மா, உன் நெத்தியில வெச்சா வழுக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்ன பெரிய நகைச்சுவை! என் நெற்றி எதையாவது கவ்விப் பிடிக்கிற வேலையா செய்கிறது? இதைச் சொன்னேன். நெற்றிக்கும் தாடைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கமாகவே சொன்னேன். கற்பூரம் அணைகிறது என்றார்கள்.

அதற்கப்புறம்தான் எலுமிச்சம்பழம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் டயருக்கடியில் வைத்து நசுக்குவார்கள் அல்லவா? எங்கள் மெஷினுக்கு டயர் இல்லை. சார் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டு தாடைக்கும் நடுவில் நிறுத்தினார். கம்ப்யூட்டரில் நான் முந்தின நாள் இழுத்த கதீட்டரின் பெயர் அப்படியே திறந்து கிடந்தது. பொத்தானை அமுக்கினார். மேல் தாடை மெதுவாக இறங்கி வந்து பழத்தைத் தொட்டது. பழம் தாக்குப் பிடித்தது. இன்னும் இறங்கியது. பழம் கெட்டியாகவே நின்றது. அப்புறம் சளக்கென்று ஒரு சத்தம். சாரின் கண்ணாடியெல்லாம் சாறு. எல்லோரும் கை தட்டினார்கள். மெஷின் தன் கடமைப்படி அளந்து எழுதி வைத்துக்கொண்டது. பூஜை நடக்கிறது என்று அதற்குத் தெரியுமா? ஏதோ சோதனை என்று நினைத்துக்கொண்டது, பாவம்.

விடுமுறை முடிந்து போனால் சார் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"கவின்மலர், மெஷின் சரியாயிருச்சும்மா!"

என்னவென்றால், நான் இல்லாதபோது அவரே உட்கார்ந்து, ஜீவதாரைக்குப் பதிவானதிலேயே அதிகபட்சம் எது என்று பார்த்திருக்கிறார். முந்நூறு நியூட்டனுக்கு மேலே ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கம்பெனிக்கும் அனுப்பிவிட்டார். முந்நூறு என்றால் எவ்வளவு தெரியுமா அக்கா? முப்பது கிலோ! அந்தக் கொண்டையில் ஓர் ஆட்டுக்கிடாயைக் கட்டிக் கிணற்றில் இறக்கித் தூக்கலாம். பதினைந்து தாங்காத சரக்கு ராத்திரியோடு ராத்திரியாக முந்நூறு தாங்குகிறதே, எப்படி என்று யாராவது கேட்டார்களா? தேவசிகாமணி மைசூர்பா கொடுத்தனுப்பினார். "எல்லாம் அம்பாள் கிருபை" என்று சார் எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். கையெழுத்துப் போடு என்று அடுத்த கையால் பேனாவையும் நீட்டினார்.

நான் கம்ப்யூட்டரில் கிராஃபைத் திறந்தேன். குழாய் அறுகிற கோடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மெல்ல ஏறும், நீளும், இன்னும் நீளும், பொசுக்கென்று விழும். இது அப்படியில்லை. விறுவிறுவென்று ஏறி, தோல் வெடித்த இடத்தில் ஒரு குலுங்கு குலுங்கி, சாறு விட்டுச் சரிந்து கிடந்தது.

"சார், இது எலுமிச்சம்பழம்."

"எந்த எலுமிச்சம்பழம்?"

"நீங்க நசுக்கினீங்களே, அது."

சார் திரையையே பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரியத்தான் செய்தது. ஆனால் அனுப்பியதை எப்படித் திரும்ப வாங்குவது? சேர்மனுடைய சம்பந்தியிடம் போய், ஐயா, உங்கள் கதீட்டர் என்று நான் சொன்னது ஒரு பழம் என்று எந்த வாயால் சொல்வது? மெதுவாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சாமி காரியத்தைக் கேலி பண்ணாதே."

நான் கையெழுத்துப் போடவில்லை. அவர் எதிரிலேயே தாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஊறவைத்த குழாயை மாட்டி இழுத்தேன். கொண்டை கழன்று வந்துவிட்டது. இப்போது என்ன சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

"சந்தனம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும். வழுக்கியிருக்கும்."

என் நெற்றியில் வழுக்காத சந்தனம் அக்கா! வழுக்கினால் குழாய் முழுசாக உருவிக்கொண்டு வந்திருக்கும், கொண்டை எப்படிக் கழலும்? கேட்டேன். ஒரு தடவை இல்லை, லேப்பில் கேட்டேன், வராந்தாவில் கேட்டேன், அவர் காரில் ஏறும்போது கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹாஸ்டலில் என் அறைத்தோழி சொன்னாள், நீ சொல்வது சரி, சொல்கிற விதம்தான் சரியில்லை என்று. என்ன விதம், எந்த விதம், விதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விஷயத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று சாப்பாட்டு நேரம் முழுக்க அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். ஒத்துக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்?

என்ன அக்கா, எழுந்திருக்கிறீர்கள்? அவினாசியா? அவினாசி எப்போதோ போய்விட்டதே! கண்டக்டர் கத்தினாரே, நீங்கள் கேட்கவில்லையா? சரி, பதறாதீர்கள், பெருந்துறையில் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்தால் ஆயிற்று. ஒருவகையில் நல்லதுதான், முக்கியமான கட்டத்தில் இறங்கியிருப்பீர்கள். உட்காருங்கள்.

அந்த ஈரோட்டு ஆஸ்பத்திரியின் சிறுநீரக டாக்டர், நஸீமா என்று பெயர், ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். மீட்டிங் போட்டார்கள். டீ, முறுக்கு, மறுபடி மைசூர்பா. டாக்டர் வந்தார், வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார். அவ்வளவுதான் பேச்சு. இவ்வளவு படித்தவருக்குப் பேச வரவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. சார் திரையில் அந்தக் கோட்டைப் போட்டு, "முந்நூறு நியூட்டனைத் தாண்டியிருக்கு மேடம்" என்று காட்டினார். தேவசிகாமணி மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன். கல்லூரி கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைத் துப்பட்டாவிலிருந்து எடுத்தேன். "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லி, பக்கத்து அறைக்கு எல்லோரையும் வரவழைத்து, தாடைக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். இந்தக் கோட்டை அந்தக் கோட்டின் மேல் போட்டேன். இரட்டைப் பிள்ளைகள் அக்கா! அதே ஏற்றம், அதே குலுங்கல், அதே சரிவு.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலை குனிவார்களா இல்லையா? சார் சொல்கிறார், "விஞ்ஞானத்துல இந்த மாதிரி ஒத்துப்போறது சகஜம்." தேவசிகாமணி அதற்கும் மேலே போனார்.

"அப்போ நம்ம டியூபு எலுமிச்சம்பழம் கணக்காக் கெட்டின்னு ஆகுதுங்களே! நல்லதுதானுங்?"

எல்லோரும் மீட்டிங் அறைக்கே திரும்பி வந்து உட்கார்ந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ. ஒவ்வொரு பாயிண்ட்டாக எடுத்தேன். குழாயை நசுக்குவதில்லை, இழுக்க வேண்டும், இது ஒன்று. இழுத்ததில் எல்லாமே கழன்றது, இது இரண்டு. சந்தனம், மூன்று. அப்புறம் இன்னும் மூன்று, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. டாக்டர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? பெட்டியிலிருந்து ஒரு கதீட்டரை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்க வைத்திருந்த டம்ளர் வெந்நீரில் அதன் கொண்டையை முக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். கவனமே இல்லை! நான் குரலை உயர்த்தினேன். ஏழாவது பாயிண்ட்தான் உயிரான பாயிண்ட், பசை எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பது. அதை ஆரம்பித்து நாலு வாக்கியம்கூட ஆகவில்லை, டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தேவசிகாமணியிடம் குடும்ப நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பெண் செய்கிற காரியமா இது?

ஆனால் என் ஆறு பாயிண்ட்டும் வேலை செய்துவிட்டன, அதைச் சொல்ல வேண்டும். நலம் விசாரித்து முடித்த கையோடு டாக்டர் எழுந்தார். டம்ளரிலிருந்து அந்தக் கதீட்டரை எடுத்து, இரண்டு விரலால் ஓர் இழு. கொண்டை ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். இரண்டையும் மேஜைமேல் சாரின் முன்னால் வைத்தார். "எங்களுக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். பெட்டியெல்லாம் அப்படியே கம்பெனிக்குத் திரும்பிவிட்டது. எந்தக் கழுத்திலும் ஏறவில்லை. ஏழாவதையும் சொல்ல விட்டிருந்தால் கம்பெனியையே பூட்டியிருப்பார்கள். எனக்குச் சார் கொடுத்த பரிசு என்ன? "கொஞ்ச நாள் ஊர்ல இரும்மா, மெஷினும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்." இன்றைக்கு வரைக்கும் மெஷின் பொய் சொல்லவில்லை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை அக்கா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

என்ன? டாக்டர் அப்படி என்ன விசாரித்தார் என்றா? அதுவா இப்போது முக்கியம்? சொல்ல வேண்டிய ஏழாவது பாயிண்ட்டை நீங்களும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்! சரி, பெருந்துறை வருகிறது, சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பேச்சுதான். "உங்கம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், இப்ப எப்படி இருக்காங்க? கழுத்துல போட்டிருக்கறது உங்க கம்பெனி டியூப்தானே?" என்று கேட்டார். என் பேச்சில் ஆள் ஏற்கெனவே குழம்பிப் போயிருந்தார், இல்லாவிட்டால் இப்படி உளறியிருக்க மாட்டார். கையில் இருந்த மைசூர்பாவைத் தட்டில் வைத்தார். அம்மா பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் பாசம். மனுஷன் அவ்வளவு பெருமையாகச் சொன்னார்:

"அட, இதைப் போயி எங்கம்மாவுக்குப் போடுவனுங்களா டாக்டர்? அவங்களுக்கு ஜெர்மனியில இருந்து தருவிச்சதுங்க."